எங்கள் வீட்டுச் சின்னவள்

எங்கள் ஊரில் இரண்டு பிகோனியாக் கன்றுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் என் அம்மா. மற்றவள் நான். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஏழாம் வாய்ப்பாட்டைத் தாண்ட முடியாமல் வகுப்பில் தினமும் குட்டு வாங்கிக்கொண்டிருந்தவள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பெரிய பண்டிதை. பிள்ளைகளுக்குக் கெட்டித்தனம் இருப்பது நல்லதுதான். கூடவே வாயும் இருந்துவிட்டால் வீட்டுக்கு ஆகாது. என் கெட்டித்தனம் ஒரு நாள் மத்தியானம், சோறு போட்ட வாழையிலைக்கு முன்னால், என் அம்மாவைக் குற்றவாளியாக நிறுத்தியது. யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருடம் முன்னால் நடந்தது இது.

பிகோனியாக்கள் எங்களிடம் வந்தது மாமாவால். மாமா என்பது அம்மாவின் அண்ணன். நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கிளாக்கராக இருந்தார். வருடத்தில் ஒரு தடவை றெயிலேறி வருவார். ஒரு தடவை வந்தபோது, தோட்டத்துத் துரையின் பங்களாவில் வேலை செய்த பூந்தோட்டக்காரனிடம் கேட்டு வாங்கிய நாலு தண்டுகளை ஈரச்சாக்கில் சுற்றி, பிஸ்கட் தகரத்தில் அடைத்துக் கொண்டுவந்தார். பெயர் எழுதிய கடதாசித் துண்டுகளும் உள்ளே இருந்தன. ஈரத்தில் ஊறி, மை கரைந்து, ஓர் எழுத்துக்கூட மிஞ்சவில்லை. "என்னவோ பிகோனியா" என்றார் மாமா. பக்கத்து வீட்டு மாமிக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. "கோணிப்பூ" என்றார். இலை ஒரு பக்கம் பெரிசாகவும் மறுபக்கம் சிறிசாகவும் கோணிப்போய்த்தான் இருந்தது. அந்தப் பெயரே ஊரில் நின்றது.

குளிரில் வளர்ந்த சாமான், யாழ்ப்பாணத்து வெயிலுக்கும் எங்கள் கிணற்றின் சுண்ணாம்புத் தண்ணீருக்கும் தாக்குப்பிடிக்குமா? நாலில் இரண்டு ஒரு மாதத்துக்குள் அழுகிப்போயின. மிஞ்சிய இரண்டையும் அம்மா சாடியில் வைத்து, விறாந்தையின் வடக்கு மூலையில், வெயில் எட்டிப் பார்க்காத இடத்தில் வளர்த்தார். கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டும் ஊற்றமாட்டார். மாரியில் கூரைத் தண்ணீரைப் பெரிய பானைகளில் பிடித்து மூடிவைத்து, அதில் ஒரு சிரட்டை, ஒரு சிரட்டையாகப் பங்குனி வரைக்கும் கொண்டுபோவார். ஐயாவுக்கு முகம் கழுவக்கூட அதில் தண்ணீர் கிடையாது.

ஒன்றுக்குப் பெரியவள், மற்றதற்குச் சின்னவள் என்று அம்மா பெயர் வைத்திருந்தார். உயரத்தைப் பார்த்து வைத்த பெயரல்ல. இரண்டும் ஒரே உயரம். இதில் இன்னொரு விசித்திரம், ஐயா பள்ளிக்கூடம் போன பிறகுதான் அந்தப் பெயர்கள் அம்மாவின் வாயில் வரும். "சின்னவளுக்குத் தண்ணி விட்டனியோ பிள்ளை?" என்று ஐயா வாசல் தாண்டின கையோடு கேட்கிறவர், மாலையில் ஐயா வந்துவிட்டால், "அந்தப் பூக்கண்டு" என்பார். ஐயா சைவப் பள்ளிக்கூடத்து வாத்தியார். பூக்கன்றுக்கு மனிதரைப்போலப் பெயர் வைத்துக் கூப்பிடுவது அவருக்குப் பிடிக்காதாக்கும் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

புதிதாகப் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். மூங்கில்போலக் கணுக்கணுவான தண்டு, கோணல் இலை, இலை முழுக்க வெள்ளைப் பொட்டு, கொத்தாகத் தொங்கும் ரோசா நிறப் பூ. மாமி ஒரு சூத்திரம் வைத்திருந்தார்: இலையின் அடிப்பக்கம் சிவப்பென்றால் சின்னவள், பச்சையென்றால் பெரியவள். நான் அவரைத் திருத்தினேன். நிறத்தை நம்பக்கூடாது. சின்னவளை ஒரு மாதம் இருட்டு மூலையில் வைத்தால் அடிச்சிவப்பு வெளிறிவிடும். காலை வெயில் கொஞ்சம் பட்டால் பெரியவளுக்கும் அடி சிவக்கும். பார்க்க வேண்டியது முற்றின இலையை. பெரியவளின் இலை முற்ற முற்றப் பொட்டுகள் மங்கிப்போகும். சின்னவளின் பொட்டு, இலை பழுத்து விழும்வரை அழியாது. பிறகு விளிம்பைத் தடவ வேண்டும். பெரியவளுக்கு வழுவழுப்பு. சின்னவளுக்கு நெளிநெளியாகச் சின்னப் பற்கள்.

பூத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். கோணிப்பூவில் ஒரே கொத்தில் இரண்டு விதப் பூ உண்டு. ஒரு விதம் நாலு நாளில் கொட்டிவிடும். மற்ற விதத்துக்குப் பின்னால் மூன்று சிறகு வைத்த சின்னப் பை ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், அது கிழமைக்கணக்கில் நிற்கும். பெரியவளின் பையில் மூன்று சிறகும் ஒரே அளவு. சின்னவளுக்கு ஒரு சிறகு மட்டும் எடுப்பாக நீண்டு நிற்கும். இதெல்லாம் எனக்கு ஒருவரும் சொல்லித்தந்ததில்லை. கூட விளையாட ஆளில்லாத ஒற்றைப் பிள்ளை, வேறு என்ன செய்வது? இலையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோணிப்பூவைக் கண்ட பெண்கள் எல்லாருக்கும் அதில் ஒரு கணு வேண்டும். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு முறை உண்டு. பூக்கன்றைக் கேட்டு வாங்கி நட்டால் அது முளைக்காது, களவெடுத்து நட்டால்தான் தழைக்கும். அதனால் கொடுக்கிறவர் கொடுக்கக்கூடாது. எடுக்கிறவர் கேட்டும் கேட்காததுபோல எடுக்க வேண்டும். மாமி வந்து, "எடி பிள்ளை, உதிலை ஒரு கணு தாவன்" என்பார். அம்மா, "தரமாட்டன் மாமி" என்று முகத்திலடித்ததுபோலச் சொல்லிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு குசினி அடுப்பின் பக்கம் திரும்பி நிற்பார். பின்னால் "சடக்" என்று ஒரு சத்தம் கேட்கும். அம்மா திரும்பி, "ஐயோ, ஆர் உதை முறிச்சது?" என்று கேட்பார். "ஆருக்குத் தெரியும்?" என்பார் மாமி, தண்டைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு. பிறகு இருவரும் சிரித்துச் சிரித்துத் தேத்தண்ணி குடிப்பார்கள்.

எனக்கு இந்தக் கூத்துப் பிடிக்காது. களவு களவுதான் என்று பள்ளிக்கூடத்தில் ஐயாவே படிப்பித்துக்கொண்டிருந்தார். ஒரு ஆறுதல், இப்படிக் களவு போனது எல்லாம் பெரியவளின் கணுக்கள்தான். ஆட்கள் வருகிற நேரத்தில் சின்னவளை அம்மா அறைக்குள் தூக்கி வைத்துவிடுவார். ஊரில் ஏழெட்டு வீட்டில் பெரியவள் இருந்தாள். சின்னவள் எங்களிடம் மட்டும்தான்.

ஒரு மார்கழி மாதக் காலையில் அம்மா சின்னவளின் சாடியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கிணற்றடி வேலியோரம் வைத்தார். வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் நடக்கிற ஒழுங்கை. தென்னோலைக் கிடுகு இற்று, கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை விழுந்திருந்த இடம். நான் எச்சரித்தேன். ஆடு கடிக்கும் என்றேன். அம்மா கேட்கவில்லை. வேலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று அரிசி கழுவத் தொடங்கினார். என்னையும் தோளில் பிடித்துத் திருப்பி, தன் பக்கத்தில் நிறுத்தினார்.

"இஞ்சாலை பாத்துக்கொண்டு நில். திரும்பாதை."

"ஏன் அம்மா?"

"திரும்பினால் முளைக்காது."

பிறகு அம்மா செய்தது எனக்குப் பயத்தையே உண்டாக்கியது. அரிசிச் சட்டியைப் பார்த்துப் பெரிய குரலில் பேசத் தொடங்கினார். "இவளுக்கு எட்டு முடியப்போகுது. நாலாம் வகுப்பு. மாரிக்குச் சளி பிடிச்சுக் கிடந்தவள், இப்ப சுகம். முன்பல்லு ரண்டும் முளைச்சிட்டுது. இவவின்ரை ஐயாவுக்கு முந்தின முழங்கால் வருத்தம் இருக்குது. அண்ணை தைப்பொங்கலுக்கு வரேல்லை எண்டு எழுதியிருக்கிறார்." அரிசிக்கு எதற்கு என் பல்லைப் பற்றிய செய்தி? அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று நான் அண்ணாந்து பார்த்தேன். அவர் கண்கள் நிறைந்திருந்தன, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. பின்னால் "சடக்" என்று கேட்டது. அதன் பிறகு ஓர் இருமல். சளி இருமல் அல்ல, ஆள் இருக்கிறேன் என்று சொல்கிற சின்ன இருமல். ஒழுங்கையில் காலடிச் சத்தம் தேய்ந்து மறைந்த பிறகுதான் அம்மா என் தோளை விட்டார். சின்னவளின் உச்சிக் கணு இரண்டைக் காணவில்லை.

நான் கூச்சல் போட்டேன். "சத்தம் போடாதை, தழைக்கட்டும்" என்றார் அம்மா. அன்று முழுக்க அவர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு திரிந்தார்.

அது போய் ஒரு வருடம். அடுத்த கார்த்திகையில் நல்ல மழை. பள்ளிக்கூட வேலையோடு ஐயாவுக்குப் புகையிலைத் தோட்டமும் இருந்தது. பண்டத்தரிப்புப் பக்கத்தில் ஒருவரிடம் நாற்று வாங்கப் போவார், சனிக்கிழமையென்றால் என்னையும் வண்டிலில் ஏற்றிக்கொள்வார். வழக்கமாகப் போகிற ஒழுங்கை, வளைந்து சுற்றிப் போகும். நேர் றோட்டு ஒன்று இருந்தும் ஏன் இந்தச் சுற்று என்று நான் கேட்டதில்லை. அன்றைக்கு ஒழுங்கையில் மாட்டின் வயிறு முட்டுகிற வெள்ளம். வண்டில்காரர் ஐயாவைக் கேட்காமலே நேர் றோட்டுக்குத் திருப்பினார். ஐயா ஏதோ சொல்ல வாயெடுத்து, சால்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டார். கொஞ்சத் தூரம் போனதும் வலது பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்து, வயலைப் பார்க்கத் தொடங்கினார்.

நான் இடது பக்கத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். றோட்டோரத்தில் சின்ன ஓட்டு வீடு ஒன்று. வேலி தாழ்வானது. விறாந்தையில் மண்ணெண்ணெய்த் தகரமொன்றில் கோணிப்பூ, நெஞ்சுயரத்துக்கு வளர்ந்து, ஐந்தாறு கொத்துப் பூவோடு நின்றது. சேற்றில் வண்டில் ஊர்ந்துகொண்டிருந்ததால் நின்று நிதானமாகப் பார்க்க முடிந்தது. காற்று இலையைப் புரட்டியது. அடிப்பக்கம் சிவப்பு. நிறத்தை நம்பக்கூடாது. கீழே தொங்கிய முற்றின இலைகளைப் பார்த்தேன். பொட்டு அப்படியே இருந்தது. பூவுக்குப் பின்னால் சிறகு, ஒன்று மட்டும் நீளம். களவு போன பொருள் கண் முன்னால் நிற்கிறது!

வண்டிலில் எழுந்து நின்று, தொண்டை கிழியக் கத்தினேன்.

"ஐயா! எங்கடை சின்னவள்! அங்கை பாருங்கோ, எங்கடை சின்னவள் நிக்கிறாள்!"

ஐயாவின் உடம்பு தூக்கிப்போட்டது. அவர் திரும்புவதற்கு முன், வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் ஓடிவந்தார். கையில் பிசைந்த மா. வெறுங்காலோடு மழைச்சேற்றில், விழுந்துவிடுவார் போல ஓடிவந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

அது என் அம்மா.

ஒரு மணித்தியாலத்துக்கு முன்னால் வீட்டுக் குசினியில் விட்டுவந்த அம்மா, வேறு சேலை உடுத்துக்கொண்டு, யாரோ ஒருவருடைய வளவுக்குள் எப்படி வந்தார்? அதே நெற்றி, அதே மூக்கு, அதே மாதிரி வலது தோள் ஒரு சொட்டுத் தாழ்ந்த நிலை. பண்டிதைக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகுதான் வித்தியாசங்கள் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன. நெற்றியில் பொட்டு இல்லை, திருநீறு இல்லை. கழுத்தில் சின்னச் சிலுவை தொங்கியது. அம்மாவைவிடப் பத்து வயதாவது குறைவு. சிரித்தபோது அம்மாவுக்கு விழாத ஒரு குழி கன்னத்தில் விழுந்தது.

"அத்தான்!" என்றார் அந்தப் பெண். "அத்தான், என்னையோ கூப்பிட்டனீங்கள்?"

ஐயா அவரை ஒரு கணம் பார்த்தார். அப்படியொரு முகத்தை ஐயாவிடம் நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. உடனே மறுபக்கம் திரும்பிக்கொண்டு, வண்டில்காரரிடம், "ஓட்டு" என்றார். அந்தப் பெண்ணின் சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியதை நான்தான் பார்த்துக்கொண்டு போனேன்.

நாற்று வாங்கவில்லை. வேறு வழியால் சுற்றித் திரும்பினோம். வழியில் ஐயா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தப் பூக்கண்டுக்கு ஆர் பிள்ளை சின்னவள் எண்டு பேர் வைச்சது?"

"அம்மா" என்றேன்.

எனக்கு அன்று தெரியாத விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். அம்மாவுக்கு ஒரு தங்கை இருந்தார். தாய் தகப்பன் இல்லாமல், ஏழு வயதில் அம்மாவோடு கூடவே எங்கள் வீட்டுக்கு வந்தவர். ஐயாதான் அவருக்கு ஏடு தொடக்கி, படிப்பித்து, மகளைப்போல வளர்த்தார். வீட்டில் இருவரும் அவரைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்களாம். ஐயா அவருக்குக் கலியாணம் பேசி, நாளும் வைத்த பிறகு, அவர் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குகிற மயிலிட்டி வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர் ஒருவரோடு போய், வேதத்தில் சேர்ந்து, அவர்கள் கோயிலில் கலியாணம் செய்துகொண்டார். அப்போது எனக்கு இரண்டு வயது. ஐயா அம்மாவைச் சாமியறையில் விளக்குக்கு முன்னால் நிறுத்தி மூன்று சத்தியம் வாங்கினார். அவளோடு பேசமாட்டேன், அவள் முகத்தில் முழிக்கமாட்டேன், என் கையால் அவளுக்கு ஒன்றும் கொடுக்கமாட்டேன். இதில் ஒன்று தவறினால், அம்மாவின் கையால் தான் இனி ஒரு பிடி சோறும் தின்னமாட்டேன் என்பது ஐயாவின் சத்தியம். ஐயா சொன்னால் செய்கிற மனிதர். தன் சொந்தத் தமையனின் வீட்டில் பதினைந்து வருடமாகத் தண்ணீர் குடிக்காதவர்.

வீட்டுக்கு வந்தபோது மத்தியானம். அம்மா வாழையிலையில் சோறு போட்டு, கறிகளை வைத்துவிட்டு நின்றார். ஐயா கை கழுவவில்லை. இலைக்கு முன்னால் நின்றபடியே, பண்டத்தரிப்பு றோட்டில் ஒரு வீட்டு விறாந்தையில் எங்கள் பூக்கன்று நிற்பதாகப் பிள்ளை சொல்கிறாள் என்றார். அம்மாவின் கையிலிருந்த அகப்பை சட்டிக்குள் விழுந்தது.

"உவள் சின்னப் பிள்ளை" என்றார் ஐயா. "எல்லாக் கோணிப்பூவும் ஒரே மாதிரித்தானே. ஊர் முழுக்க நிக்குது."

இப்போது நினைத்தால், அவர் அம்மாவுக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டார் என்று தெரிகிறது. அம்மாவும் அதற்குள் புகப் பார்த்தார். "ஓம், அது பெரிய... அது மற்ற இனமாயிருக்கும்" என்றார்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. என் கல்வியையே சந்தேகிக்கிறார்கள்! விறாந்தைக்கு ஓடி, சின்னவளின் சாடியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டுவந்து நடுவில் வைத்தேன். முற்றின இலை, பொட்டு, விளிம்பு, சிறகு என்று ஒவ்வொன்றாகப் பிரசங்கம் செய்தேன். பெரியவளின் இலையொன்றையும் பிய்த்துக்கொண்டுவந்து பக்கத்தில் பிடித்துக் காட்டினேன். ஐயா குனிந்து, இரண்டு இலையின் விளிம்பையும் விரலால் தடவிப் பார்த்தார். அவர் அந்தக் கன்றைத் தொட்டது அதுதான் முதல் தடவை. "பிள்ளை சொல்லுறது சரி" என்றார். நான் பெருமையோடு அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் என் பெருமை அப்படியே உறைந்துபோயிற்று. கோபம் இல்லை. ஆபத்தில் இருக்கிற ஆடு மாடு பார்க்கிற பார்வை.

"சாமியறையிலை மூண்டு சத்தியம் செய்தனீர்" என்றார் ஐயா. "அவளோடை கதைச்சனீரோ?"

"கதைக்கேல்லை."

"முகம் பாத்தனீரோ?"

"ஏழு வரியமாப் பாக்கேல்லை."

"கையாலை குடுத்தனீரோ?"

"குடுக்கேல்லை."

ஐயா என் பக்கம் திரும்பினார். அம்மா யாருக்காவது இந்தக் கன்றைக் கொடுத்ததையோ, யாராவது வந்து எடுத்ததையோ நான் கண்டேனா என்று கேட்டார். எனக்குப் பொய் சொல்ல வராது என்பது வீடறிந்த விஷயம். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். நான் யோசித்துப் பார்த்தேன். அரிசிச் சட்டியைக் கண்டேன், அம்மாவின் முகத்தைக் கண்டேன். வேறு ஒருவரையும் நான் காணவில்லை. "இல்லை ஐயா, நான் ஒருத்தரையும் காணேல்லை" என்றேன். அது சத்தியமான உண்மை. என்னைத் தோளில் பிடித்துத் திருப்பி நிறுத்திய கை யாருடையது என்பது அப்போது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

"அப்ப அங்கை எப்பிடிப் போனது?" என்று கேட்டார் ஐயா.

அம்மா கண்ணைத் திறந்தார். "களவெடுத்திருப்பாள்" என்றார். பிறகு குரலை உயர்த்தி, "அவள் கள்ளி. களவெடுத்துக்கொண்டு போயிருப்பாள்" என்றார்.

நான் திடுக்கிட்டுப்போனேன். அந்த முகம் அம்மாவின் முகம். சேற்றில் ஓடிவந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற முகம். அதைப் போய் அம்மாவே கள்ளி என்கிறார். ஐயா வெகுநேரம் இலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கை கழுவிவந்து உட்கார்ந்தார். முதல் பிடி சோறு அவர் வாய்க்குள் போனதும் அம்மா சுவரில் சாய்ந்துகொண்டார். ஐயா அன்று இரண்டாம் தரமும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். களவெடுக்க விட்டனீரோ என்று இன்னும் ஒரு கேள்வியை அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பின்னேரம் நான் அம்மாவிடம் தனியே போய்க் கேட்டேன். "அம்மா, அவ மெய்யாவே கள்ளியோ?"

"ஓம். பெரிய கள்ளி" என்றார் அம்மா. சொல்லிவிட்டு என்னை இழுத்து மடியில் வைத்து, என் தலைமுடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவர் உடம்பு குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. தலை நனைந்தது.

இரண்டு கிழமை கழித்து ஐயா மறுபடியும் நாற்று வாங்கப் புறப்பட்டார். அம்மா என்னைத் தேய்த்துக் குளிக்கவார்த்து, இரட்டைப் பின்னல் போட்டு, பொங்கலுக்கு என்று வைத்திருந்த புதுச் சட்டையைப் போட்டுவிட்டார். புகையிலை நாற்று வாங்குவதற்கு எதற்குப் புதுச் சட்டை என்று கேட்டேன். அம்மா பின்னலை இன்னும் இறுக்கிக் கட்டினார். ஐயா வண்டிலுக்குப் பக்கத்தில் நின்று செருமினார். மழை விட்டுப் பத்து நாளாகியிருந்தது, சுற்று ஒழுங்கையில் வெள்ளம் வற்றிவிட்டது. ஆனாலும் ஐயா, "நேர் றோட்டாலை விடு" என்றார்.

"ஐயா, ஒழுங்கையிலை இப்ப வெள்ளமில்லை" என்றேன் நான். ஐயாவுக்குக் காது கேட்கவில்லை.

ஓட்டு வீட்டுக்கு முன்னால் வந்ததும், மாடு களைத்துவிட்டது, கொஞ்சம் நிற்பாட்டு என்று ஐயா வண்டில்காரரிடம் சொன்னார். புறப்பட்டு இரண்டு கட்டை, அதாவது இரண்டு மைல்தான் வந்திருக்கிறோம். மாட்டுக்கு ஒரு களைப்பும் இல்லை. அது வாலை ஆட்டிக்கொண்டு சுகமாக நின்றது. ஐயா வலது பக்கம் முழுதாகத் திரும்பி, வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். வயலில் ஒரு கொக்குக்கூட இல்லை, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விறாந்தையில் அந்தப் பெண் நின்றார். இந்தத் தடவை ஓடிவரவில்லை. ஐயாவின் முதுகையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்து வேலியைத் தாண்டி வந்தார். பக்கத்தில் வந்ததும் சின்னதாக இருமினார். கிணற்றடியில் கேட்ட அதே இருமல்! சந்தேகமே இல்லை, இவர்தான் கள்ளி. நான் என் இரண்டு கைக் காப்புகளையும் கழற்றிச் சட்டைக்குள் போட்டு அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் அதைப் பார்த்தார். நீட்டிய கை அப்படியே நின்றது. ஆனாலும் அவர் போகவில்லை. வண்டிலில் கால் வைத்து ஏறி, ஒரு சொல்லும் சொல்லாமல், என்னை இழுத்துக் கட்டிப்பிடித்தார். எலும்பு நோக அணைத்துக்கொண்டு, நெற்றியிலும் கன்னத்திலும் மாறி மாறிக் கொஞ்சினார். அவரிடம் அம்மாவின் மணம் அடித்தது.

"ஐயா! ஐயா! கள்ளி வந்திட்டா! பாருங்கோ ஐயா!" என்று அலறிக்கொண்டு ஐயாவின் முதுகில் குத்தினேன்.

ஐயாவின் முதுகு நடுங்கியது. அவர் திரும்பவில்லை. பெற்ற பிள்ளையைக் கள்ளி பிடித்துக்கொண்டிருக்க, பேசாமல் வெறும் வயலைப் பார்த்துக்கொண்டிருக்கிற தகப்பனும் உலகத்தில் உண்டா என்று நான் விக்கி விக்கி அழுதேன்.